மலாக்கா விளக்குகளும் ஜப்பானின் கடல் உறவும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜப்பானின் வெளியுறவுக் கொள்கையையும் கடல்சார் ஒத்துழைப்பையும் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "நீ மெக்கானிக்கல்தானேப்பா, இது உனக்கு எதுக்கு?" என்று கேட்டவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். படிப்பு முடிந்து சில வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். கடல் மிதவைகளையும் விளக்குகளையும் பராமரிக்கிற ஒப்பந்த வேலை. துருப்பிடித்த சங்கிலியை மாற்றுவது, சிப்பி படிந்த மிதவையைச் சுரண்டிச் சாயம் அடிப்பது, சூரிய மின்கலத்தைத் துடைப்பது என்று நாள் போகும். அந்த அழுக்கு வேலை வழியாகத்தான் எனக்கு ஒரு தேசத்தின் வெளியுறவுக் கொள்கை புரிய ஆரம்பித்தது. ஆகவே அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர்கள் யாராவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கீழேயிருந்து, மிதவை மட்டத்திலிருந்துதான் பேசப் போகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவுக்கும் இந்தோனேசியாவின் சுமத்திரா தீவுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கடல் சந்து இருக்கிறது. அதுதான் மலாக்கா ஜலசந்தி. அதன் தெற்கு முனையில், சிங்கப்பூர் அருகே, கப்பல் போகிற வழி 3 கிலோமீட்டர்கூட இல்லாமல் குறுகிவிடும். ஆண்டுக்கு 80,000க்கு மேற்பட்ட கப்பல்கள் இந்த வழியாகப் போகின்றன. ஆழமும் தாராளம் கிடையாது. முழு எண்ணெய் ஏற்றிய ராட்சதக் கப்பல் ஒன்று தண்ணீருக்குள் 20 மீட்டர் அமிழ்ந்திருக்கும். வழியில் சில இடங்களில் அடித்தரை அதற்குக் கீழே சில மீட்டரில் வந்துவிடுகிறது. அங்கே ஒரு மணல் திட்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே 'ஒன் ஃபாதம் பேங்க்'. நம் மீனவர்கள் 'ஒரு பாகம்' என்று அளப்பார்களே, அந்த ஆழம், சுமார் 1.8 மீட்டர்தான். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது.

இந்தச் சந்தின் மறுமுனையில் காத்திருப்பது ஜப்பான். சொந்தமாக எண்ணெய் என்று சொல்லிக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. 2023இல் அது வாங்கிய கச்சா எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய கிழக்கிலிருந்து வந்தது. அதில் மிகப் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். வீட்டுக்கு ஒரே குழாய்தான், அந்தக் குழாயும் அடுத்தவர் நிலத்தின் வழியாக வருகிறது என்றால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? இரண்டு வழி உண்டு. தடியெடுத்துக்கொண்டு போய்க் குழாயைப் பிடித்துக்கொள்ளலாம். அல்லது, நிலத்துக்காரரோடு சிநேகமாக இருந்து, குழாயைப் பழுது பார்க்கிற செலவில் பங்கு கொடுக்கலாம்.

முதல் வழியை ஜப்பான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்துவிட்டது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. மார்ச்சில் அந்தமான் போனது. ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலைத் துறைமுகங்களில் குண்டு விழுந்தது. மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த நம் தமிழர்கள் பல்லாயிரம் பேர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் எத்தனையோ ஆயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். மலேசியத் தமிழர்கள் அதை இன்றும் 'சயாம் மரண ரயில்' என்றுதான் சொல்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஈப்போக்காரர் ஒருவரின் தாத்தா அந்த வேலைக்குப் போய்த் திரும்பாதவர். பளபளப்பான ஜப்பானியக் கருவி ஒன்றைப் பெட்டியிலிருந்து நாங்கள் எடுக்கும்போதெல்லாம், "ம்... நல்ல சாமான்தான்" என்று மட்டும் சொல்வார். அந்த 'ம்'மில் எல்லாம் இருக்கும்.

ஜப்பான் அந்தக் கடலுக்குத் திரும்பி வந்தபோது எதிர்கொண்டது அந்த 'ம்'மைத்தான். 1947இல் நடைமுறைக்கு வந்த அதன் அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சர்வதேசத் தகராறுகளைத் தீர்க்கப் போரைக் கையாளும் உரிமையைத் துறக்கிறது. அது சட்டம், சரி. ஆனால் பக்கத்து வீட்டார் மனசில் இருப்பதற்குச் சட்டம் மருந்தாகாது. 1974 ஜனவரியில் பிரதமர் தனாகா ஜகார்த்தா போனபோது கலவரம் வெடித்தது, ஜப்பானியக் கார்கள் கொளுத்தப்பட்டன. இத்தனைக்கும் அவர் வந்தது வியாபாரம் பேச. மூன்று ஆண்டு கழித்து, 1977 ஆகஸ்டில், பிரதமர் ஃபுகுதா மணிலாவில் ஒரு கொள்கையை அறிவித்தார். ஜப்பான் ராணுவ வல்லரசு ஆகாது, தென்கிழக்காசிய நாடுகளோடு மனத்துக்கு மனம் நெருங்கிய உறவை வளர்க்கும், சமமான பங்காளியாக நடந்துகொள்ளும் என்பது அதன் சாரம். புத்தகங்களில் இது பெரிதாக எழுதப்பட்டிருக்கும். எனக்கென்னவோ, அதற்கு ஒன்பது வருஷம் முன்பே சத்தமில்லாமல் தொடங்கிய வேறொரு காரியம்தான் அதைவிடப் பெரியது.

1968இல் டோக்கியோவில் மலாக்கா ஜலசந்திக் குழு என்று ஒரு அமைப்பு உருவானது. கப்பல் கம்பெனிகள், எண்ணெய், காப்பீட்டுத் துறையினர் எல்லாம் அதில் இருந்தார்கள். பெரும் பணம் கொடுத்தது இன்று நிப்பான் அறக்கட்டளை என்று அழைக்கப்படும் நிறுவனம். அதன் கதை தனிக் கதை. மோட்டார் படகுப் பந்தயத்தில் மக்கள் கட்டுகிற பந்தயப் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நிறுவியவர் ரியோய்ச்சி சசகாவா. போர்க்குற்றச் சந்தேகத்தில் மூன்றாண்டு சிறையிலிருந்து, விசாரணையின்றி விடுவிக்கப்பட்டவர். ஆக, சூதாட்டக் காசில், அப்பேர்ப்பட்ட மனிதர் தொடங்கிய நிறுவனத்தின் தயவில், மலாக்காவில் விளக்கு எரிந்தது. தர்மம் எந்த வழியாக வரும் என்று யாரால் சொல்ல முடியும்!

அந்தக் குழு செய்தது என்ன? முதலில் கடல் அடித்தரையை அளக்க உதவியது. அந்த ஜலசந்திக்குப் பல இடங்களில் நம்பத்தக்க வரைபடமே இல்லாத காலம் அது. 1969இல் தொடங்கி, மூன்று கரையோர நாடுகளின் அதிகாரிகளோடு சேர்ந்து அளந்தார்கள். பிறகு விளக்குகள், மிதவைகள். அப்போதும் ஒரு சிக்கல் வந்தது. 1971 நவம்பரில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் கூட்டாக ஓர் அறிக்கை விட்டன. இங்கே கப்பல் போக்குவரத்தின் பாதுகாப்பு எங்கள் மூவரின் பொறுப்பு என்றன. அதாவது, கப்பல் விடுங்கள், அதிகாரம் பண்ண வராதீர்கள் என்று பொருள். ஜப்பான் அதை ஏற்று நடந்தது. விளக்கைத் தன் செலவில் செய்து நட்டுவிட்டு, அதைக் கரையோர நாட்டிடமே ஒப்படைத்தது. விளக்கு அவர்களுடையது, கொடி அவர்களுடையது. பராமரிப்புச் செலவுக்கு மட்டும் கை கொடுக்கும். பொறியாளனாக நான் மெச்சுவது இந்த இடத்தைத்தான். புதிதாகக் கட்டித் திறப்பு விழா நடத்த எல்லோரும் வருவார்கள். பத்தாம் வருஷம் சாயம் அடிக்க எவன் வருவான்? இவர்கள் வந்தார்கள்.

1975 ஜனவரியில் 'ஷோவா மாரு' என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் அருகே தரை தட்டி, ஆயிரக்கணக்கான டன் கச்சா எண்ணெயைக் கொட்டியது. மீனவர்களும் கரையோர அரசுகளும் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பிலிருந்துதான் விதிகள் பிறந்தன. கப்பலின் அடிப்பாகத்துக்கும் கடல் தரைக்கும் நடுவே குறைந்தது 3.5 மீட்டர் இடைவெளி வேண்டும், போகிற கப்பலுக்கு ஒரு தடம், வருகிற கப்பலுக்கு ஒரு தடம் என்ற ஏற்பாடு 1981இல் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு, எண்ணெய் கொட்டினால் உடனடியாகச் செலவழிக்க 40 கோடி யென் கொண்ட சுழல் நிதி ஒன்றை ஜப்பானியர் தந்தார்கள். செலவழித்த நாடு, குற்றவாளிக் கப்பலிடம் வசூலித்ததும் திருப்பிப் போட்டுவிட வேண்டும். நம் ஊர் மகளிர் குழுக் கணக்கு மாதிரி.

தம்பிகளுக்காக ஒரு தொழில்நுட்ப விஷயம். சாதாரண மிதவை சங்கிலியில் கட்டியிருக்கும். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தகுந்தபடி அது வட்டமடிக்கும். குறுகிய தடத்தில், 300 மீட்டர் நீளக் கப்பலுக்கு, அந்த வட்டம்கூட ஆபத்து. அதனால் ஜப்பானியர்கள் இங்கே ஒருவகைச் சாயும் விளக்குத் தூணை நட்டார்கள். கடல் தரையில் கனத்த எடை. அதன்மேல் ஒரு யுனிவர்சல் ஜாயிண்ட். நம் ஒர்க் ஷாப்பில் கழற்றி மாட்டச் சொல்வார்களே, அதே தத்துவம்தான். அதிலிருந்து நீண்ட குழாய் ஒன்று மேலே எழும்பும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே காற்று அடைத்த அறை. அந்த மிதப்பு விசைதான் தூணை நிமிர்த்தி வைக்கிறது. கப்பல் இடித்தால் படுத்துவிடும், கப்பல் தாண்டியதும் எழுந்து நிற்கும். தஞ்சாவூர்ப் பொம்மைதான், அதைக் கடலுக்குள் நட்டுவிட்டார்கள். விறைப்பாக நின்றிருந்தால் முதல் இடியிலேயே போயிருக்கும்.

2007இல் இந்த ஏற்பாடு ஜப்பானைத் தாண்டி விரிந்தது. கடல் சட்டம் பற்றிய 1982ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 43ஆவது பிரிவு, ஜலசந்தியைப் பயன்படுத்தும் நாடுகளும் கரையோர நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. உலகத்தில் அந்தப் பிரிவை முதன்முதலாக நிஜமாக்கிய இடம் மலாக்காதான். விளக்குப் பராமரிப்புக்கென்று பொது நிதி ஒன்று உருவானது. இந்தியாவும் அதில் பணம் போட்டிருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமியில் சேதமான விளக்குகளை மாற்றும் திட்டத்தை யார் ஏற்றார்கள் தெரியுமா? சீனா. வேறு கடல்களில் முறைத்துக்கொள்ளும் இரண்டு நாடுகள், இங்கே ஒரே வரிசை விளக்குகளுக்குச் செலவு செய்கின்றன. பத்திரிகையில் இது தலைப்புச் செய்தியாக வராது. விபத்து நடந்தால்தானே செய்தி!

கொள்ளையர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நமக்கும் பங்கு உண்டு. 1999 அக்டோபரில் 'அலோண்ட்ரா ரெயின்போ' என்ற ஜப்பானியர் கப்பல், சுமார் 7,000 டன் அலுமினியப் பாளங்களோடு சுமத்திராவின் குவாலா தஞ்சோங்கிலிருந்து புறப்பட்டது. சில மணி நேரத்தில் கொள்ளையர் ஏறிவிட்டார்கள். ஜப்பானியர் இருவர், பிலிப்பைன்ஸ்காரர் பதினைந்து பேர் என மாலுமிகள் பதினேழு பேரையும் காற்றடைத்த தெப்பம் ஒன்றில் இறக்கிவிட்டார்கள். பத்து நாளைக்கு மேல் மிதந்தவர்களைத் தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது. கப்பலோ பெயரை மாற்றி, சாயத்தை மாற்றி, அரபிக் கடலுக்கு வந்துவிட்டது. நம் கடலோரக் காவல் படையின் 'தாராபாய்' கப்பல் துரத்தியது. கடற்படையின் 'பிரஹார்' வந்து சேர்ந்தது. நவம்பர் 16 அன்று பிடித்தார்கள். கொள்ளையர் கப்பலை மூழ்கடித்துவிடப் பார்த்தார்கள், நடக்கவில்லை. அதை மும்பைக்கு இழுத்து வந்தார்கள்.

டோக்கியோவில் இது பெரிய செய்தி. ஜப்பானியக் கப்பல் ஒன்றை, ஜப்பான் தன் கை எட்டாத கடலில், இந்தியர்கள் மீட்டுக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 2000 நவம்பரில், ஜப்பானியக் கடலோரக் காவல் படையின் 'ஷிகிஷிமா' சென்னைக்கு வந்தது. இரு படைகளும் சேர்ந்து முதல் பயிற்சி நடத்தின. அந்தப் பழக்கம் விடவில்லை. 2018, 2020, 2024 ஜனவரிகளிலும் சென்னைக் கடலில் நடந்தது. மெரினாவில் சுண்டல் தின்றுகொண்டிருக்கிற நமக்குத் தொடுவானத்துக்கு அப்பால் நடப்பது தெரிவதில்லை.

வழக்கின் முடிவுதான் வயிற்றெரிச்சல். 2003இல் தண்டனை பெற்ற கொள்ளையர்களை 2005இல் மும்பை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டமே அப்போது நம்மிடம் இல்லை. அப்படி ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இருபத்து மூன்று வருஷம்! பிடிப்பதில் காட்டிய வேகத்தைச் சட்டத்தில் காட்டவில்லை.

இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு ஜப்பான் வெவ்வேறு நாட்டுக் காவல் கப்பல்கள் சேர்ந்து ரோந்து போகலாம் என்ற யோசனையைக் கிளப்பியது. மலேசியாவும் சீனாவும் முகம் சுளித்தன. பழைய 'ம்' இன்னும் போகவில்லை. ஜப்பான் வற்புறுத்தவில்லை, வேறு மாதிரி யோசித்தது. கப்பல் வேண்டாம், தகவலைப் பகிர்ந்துகொள்வோம் என்றது. 2004இல் உடன்பாடு தயாரானது. 2006இல் சிங்கப்பூரில் தகவல் மையம் திறந்தது. இந்தியா, இலங்கை உட்பட 20க்கு மேற்பட்ட நாடுகள் பின்னர் அதில் சேர்ந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஜலசந்தியின் இரு கரைகளான மலேசியாவும் இந்தோனேசியாவும் அப்போது கையெழுத்துப் போடவில்லை. 2025 வரையிலும் போடவில்லை. ஆனாலும் சிங்கப்பூரோடு சேர்ந்து 2004இல் தாங்களே ரோந்து ஆரம்பித்தன. 2005இல் லண்டன் காப்பீட்டுக்காரர்கள் மலாக்காவைப் போர் ஆபத்துள்ள பகுதியாக அறிவித்திருந்தார்கள். 2006 ஆகஸ்டில் அந்த முத்திரையை எடுத்தார்கள். ஸ்திரத்தன்மை என்று மேடைகளில் சொல்கிறோமே, கப்பல்காரருக்கு அதன் அர்த்தம் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்பதுதான். அது ஏறினால் நம் வீட்டு எண்ணெய் விலையும் ஏறும்.

இங்கே ஜப்பானின் கடலோரக் காவல் படையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, அது ராணுவமாக இயங்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. வெள்ளைச் சாயம் அடித்த கப்பல்கள். போர்க்கப்பலின் சாம்பல் நிறம் வந்தால் துறைமுகத்தில் ஒரு பேச்சு, வெள்ளை வந்தால் வேறு பேச்சு. இந்த வெள்ளை நிறத்தை ஜப்பான் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. மலேசியா, இந்தோனேசியா, வியட்நாம், பிலிப்பைன்ஸ், இலங்கை என்று காவல் படகுகள் கொடுத்தது. 2006இல் இந்தோனேசியாவுக்கு மூன்று படகு கொடுக்க முடிவு செய்தபோது, குண்டு துளைக்காத பாதுகாப்பு அதில் இருப்பதால் அது 'ஆயுதம்' ஆகிவிடுமே என்று கவலைப்பட்டு, ஆயுத ஏற்றுமதித் தடைக்குத் தனி விலக்கு அறிவித்த பிறகே கொடுத்தார்கள். அவ்வளவு கூச்சம் இருந்தது அப்போது. 2015 முதல் ஆசிய நாடுகளின் காவல் படை அதிகாரிகளை டோக்கியோவுக்கு அழைத்து முதுகலைப் படிப்பும் கொடுக்கிறார்கள். ஒரே வகுப்பில் படித்தவன் இன்னொரு நாட்டுக் கப்பலில் கேப்டனாக இருந்தால், நெருக்கடி நேரத்தில் வயர்லெஸ்ஸில் பேசுகிற தொனியே மாறும். முன்னாள் மாணவர் சங்கத்தில் நின்றுகொண்டு இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கூச்சம் குறைந்து வருகிறது. 2007 ஆகஸ்டில் பிரதமர் அபே நம் நாடாளுமன்றத்தில் இரண்டு பெருங்கடல்களின் சங்கமம் பற்றிப் பேசினார். 2016இல் நைரோபியில் சுதந்திரமான, திறந்த இந்தோ-பசிபிக் என்றார். 2023இல் நட்பு நாடுகளின் ராணுவங்களுக்கே நேரடியாகக் கருவிகள் கொடுக்கும் புதிய உதவித் திட்டம் தொடங்கியது. பிலிப்பைன்ஸுக்குக் கடலோர ரேடார் தருவதாகக் கையெழுத்தானது. படைகள் ஒருவர் நாட்டுக்கு மற்றவர் போய்வரும் உடன்பாடு 2024 ஜூலையில் கையெழுத்தாகி, 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்தது.

2024இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜப்பான் கடனுதவியில், ஜப்பானில் கட்டிய 97 மீட்டர் நீளக் காவல் கப்பல் 'தெரசா மக்பனுவா' பிலிப்பைன்ஸிடம் இருக்கிறது. ஏப்ரலில் அது தென்சீனக் கடலின் சபினா திட்டருகே நங்கூரம் போட்டது. ஐந்து மாதம் நகரவில்லை. ஆகஸ்ட் 31 அன்று சீனக் காவல் படைக் கப்பலோடு மோதலாகி அதன் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. இடித்தது யார் என்று இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. செப்டம்பரில், சாப்பாடும் தண்ணீரும் குறைந்து, உடல்நிலை கெட்ட மாலுமிகளோடு அது துறைமுகம் திரும்பியது. இரண்டுமே வெள்ளைக் கப்பல்கள் என்பதைக் கவனியுங்கள். சண்டை வரக்கூடாது என்பதற்காக அடித்த வெள்ளைச் சாயத்துக்குள்ளேயே சண்டை நுழைந்துவிட்டது.

ஜப்பான் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸ் மீனவனைத் தண்ணீர் பீய்ச்சி விரட்டும்போது அவன் நாட்டுக்கு ஒரு கப்பல் தேவைதான். 2016இல் சர்வதேச நடுவர் மன்றத் தீர்ப்பு பிலிப்பைன்ஸ் பக்கம் வந்தும், சீனா அதை ஏற்கவில்லை. தீர்ப்பு மட்டும் கையில் இருந்தால் போதாது. ஆனால் என் கவலை வேறு. ரேடாருக்கும் ரோந்துக் கப்பலுக்கும் ஒதுக்குகிற பணம் ஏற ஏற, மிதவைக்குச் சாயம் அடிக்கிற பணம் அசட்டையாகப் பார்க்கப்படும். பட்ஜெட் போடுகிற மேஜையில் விளக்குக்காக வாதாட ஆள் இருக்காது. ஐம்பது வருஷத்துக்கு மேல் சேர்த்த நம்பிக்கை அங்கேதான் இருக்கிறது. மலேசியாவும் இந்தோனேசியாவும் இன்று ஜப்பானியப் படகை வாங்குகின்றன என்றால், முன்பு வந்த விளக்குகள் ஒழுங்காக எரிந்ததும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

"இப்போதுதான் எல்லாக் கப்பலிலும் செயற்கைக்கோள் வழிகாட்டி இருக்கிறதே, விளக்கு எதற்கு?" என்று கேட்கலாம். அந்தச் சமிக்ஞையைக் கெடுப்பதும், பொய்யான இடத்தைக் காட்டச் செய்வதும் இப்போது பல கடல்களில் நடக்கிறது. திரையில் கப்பல் விமான நிலையத்தின் நடுவே நிற்பதாகக் காட்டிய சம்பவங்கள் உண்டு. அப்படிப்பட்ட இரவில் மாலுமி ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பச்சை எங்கே, சிவப்பு எங்கே, எத்தனை விநாடிக்கு ஒரு முறை மின்னுகிறது என்று எண்ண வேண்டும்.

அந்த நிதிக் குழு ஆண்டுதோறும் கூடுகிறது. எந்த மிதவைக்குச் சங்கிலி மாற்ற வேண்டும், எதற்குப் புது மின்கலம், யார் எவ்வளவு தருகிறார்கள் என்று பேசிவிட்டுக் கலைகிறார்கள். மெக்கானிக்கல், சிவில், மின்னணுவியல் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு அந்தத் துறையில் நிறைய வேலை இருக்கிறது. வெயில் அதிகம், வாந்தி வரும், சம்பளம் பரவாயில்லை. விவரம் வேண்டுபவர்கள் மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.